நிழல் குட்டையாகும் நேரம்

விடுதி,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். பெட்டியின் பூட்டு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் சித்தி கட்டிவிட்ட கயிறுதான் மானத்தைக் காப்பாற்றியது. சித்தியிடம் சொல்லாதே, பெருமை தாங்காது.

நீ எப்படி இருக்கிறாய்? "எனக்கென்ன, நல்லாதான் இருக்கேன்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அதைத்தான் சொன்னாய். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. வார்டன் மேடம் மணிக்கட்டைப் பார்த்தபடி நிற்கிறார். அந்த நிலையில் நானும் "எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனில் நாம் இருவரும் பொய்தான் பேசுகிறோம். அதனால் இனி எழுதுவோம்.

விடுமுறையில் உன்னோடு டயாலிசிஸுக்கு வந்தபோது என்னை உள்ளே விடவில்லை இல்லையா? கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தைச் சுற்றிவிட்டு, திரும்ப உனக்குள் போனது. நீ என்னைப் பார்த்து, ஊசி இல்லாத கையால், "மேலயா, கீழயா?" என்று வேலையில் உன் லிஃப்டில் ஏறுகிறவர்களைக் கேட்பது போல விரலைக் காட்டினாய். நான் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். இதையும் போனில் சொல்ல முடியாது.

எத்தனை நாளுக்கு இப்படி என்று சித்தியைக் கேட்டேன். சித்தி ஜன்னலைப் பார்த்தாள். நீயாவது சொல்.

இங்கே மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டும் சத்தம் மாடி வரை கேட்கிறது.

உன் மகள்


ஜூன் 22

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது,

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இயந்திரத்தில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இடது கை அதற்குச் சொந்தம், வலது கை உனக்கு. இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில் விரல் வைத்தால், உள்ளே தேனீ அடைத்து வைத்தது போல ஒரே ரீங்காரம். அந்தத் தேனீ இருக்கும்வரை நல்லது என்கிறாள் நர்ஸ். நானும் காலையில் எழுந்ததும் "இருக்கியா?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். ஊசி போட்டு முடித்ததும் "ரைட், போலாம்" என்பார். நாலு மணி நேரமும் படுத்த இடத்தை விட்டு அசைய முடியாது. "இவ்வளவு நேரம் ஓடியும் ஒரு ஸ்டாப் வரலியேம்மா" என்று இரண்டு மூன்று முறையாவது சொல்லிவிடுவார்.

வேலையை விடவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாளில் லிஃப்டில் உட்காருகிறேன். போன வாரம் ஒரு கூத்து. நான் முகம் கழுவப் போன நேரத்தில் நான்காம் மாடி வக்கீல் தானே லிஃப்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. மனிதர் கிராதிக் கதவைப் பிடித்து உலுக்குகிறார்.

"சார், கதவத் தள்ளாதீங்க. தள்ளினா இன்னும் இறுகிக்கும்."

"மெக்கானிக்கக் கூப்பிடும்மா மொதல்ல."

"கூப்பிட்டாச்சு சார். வந்துக்கிட்டிருக்காரு. அதுவரைக்கும் ஏதாச்சும் பேசுங்க."

"இப்ப என்னத்தப் பேசறது?"

"உங்க பொண்ணு நீச்சல் கத்துக்கிறதாச் சொன்னீங்களே."

நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. முதலில் எரிந்து விழுந்தார். பிறகு, மகள் ஒரு மாதமாகத் தன்னோடு பேசுவதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன், சொன்னார். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு நிமிஷம் இருப்பா, சொல்லி முடிச்சிடறேன்."

லிஃப்டில் மாட்டிக்கொள்கிற எல்லோரிடமும் நான் இப்படித்தான் வம்பளப்பேன். என் சம்பளத்தில் பாதி அதற்குத்தான்.

நீ கேட்டதற்கு டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மா


விடுதி,
ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வக்கீல் இப்போது எங்கள் விடுதியில் பிரபலம்.

இனி முக்கியமான விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

நூலகத்தில் ஒரு அறிவியல் இதழ் கிடைத்தது. நம் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாதது இது: சிறுநீரகம் கெட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வைட்டமின் குறைவாக இருக்கிறதாம். அதோடு, எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகச் செல்கள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லையாம். வடிகட்டும் செல்கள், அம்மா. உன் இயந்திரம் செய்கிற வேலையை உனக்குள் செய்ய வேண்டிய செல்கள்.

படித்ததும் எனக்கு உன் லிஃப்ட்தான் கண்முன் வந்தது. ஜன்னல் இல்லாத பெட்டி. காலையில் உள்ளே போகிறாய், இருட்டிய பிறகு வெளியே வருகிறாய். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். உன் மேல் வெயிலே பட்டதில்லை. யாரும் இதை யோசிக்கவில்லையே. டாக்டர்கள் லிஃப்டில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். உள்ளேயே உட்கார்ந்திருப்பவரை நினைப்பதில்லை.

செய்ய வேண்டியது சுலபம். காலை வெயிலும் மாலை வெயிலும் போதாது. உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் உட்கார வேண்டும். நிழல் நீளமாக இருந்தால் அந்த வெயிலால் பயன் இல்லை என்று எழுதியிருக்கிறது. அதாவது மதியம். முழங்கை வரை கையை மடித்துவிட்டுக்கொள்.

இயந்திரத்திலிருந்து உன்னை இறக்கிவிட இது ஒரு வழி என்று நினைக்கிறேன். இல்லை, நம்புகிறேன்.

உன் மகள்


ஜூலை 12

டாக்டரம்மாவுக்கு,

உத்தரவு நிறைவேறியது.

இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், ஆறாம் மாடியோடு என் உலகம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு படிக்கட்டு போவது தெரியும், ஏறிப் பார்த்ததில்லை. வாட்ச்மேனிடம் மொட்டைமாடிச் சாவி கேட்டேன்.

"மேல என்னக்கா இருக்கு? தண்ணி டேங்க்தான் இருக்கு."

"வெயில்ல உட்காரணும். எம்பொண்ணு சொல்லியிருக்கா."

"அதுக்குன்னு உச்சி வெயில்லயா?"

"நிழல் நம்மள விடக் குட்டையா இருக்கணுமாம்."

அவர் ஆளே என் தோள் உயரம்தான். "அப்ப என் நிழல் பக்கத்துல உட்காருங்க. நாள் பூரா குட்டைதான்" என்று சாவியைக் கொடுத்தார்.

படி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் மேலே போனதும், என்னவென்று சொல்ல? பக்கத்துக் கட்டடங்களின் தலை எல்லாம் தெரிகிறது. ஒரு மாடியில் யாரோ தலையணைகளை வெயிலில் காயவைத்திருந்தார்கள். தூரத்தில் ரயில் போனது. சத்தம் கேட்கும், பார்த்ததில்லை, இப்போது பார்த்தேன். காக்காய் ஒன்று டேங்க் மேல் உட்கார்ந்து, இது யார் புதிதாக என்று பார்த்தது. நான் போர்த்தியிருந்த தலைப்பை முழங்கை வரை ஒதுக்கிவிட்டு, நீ சொன்னபடி உட்கார்ந்தேன். என் நிழல் என் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

இப்போது வேலை நாளெல்லாம் போகிறேன். முகத்தில் களை வந்திருக்கிறது என்கிறாள் சித்தி.

தாகம்தான் கொஞ்சம் படுத்துகிறது. எனக்கு நாள் முழுக்க ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்தான் கணக்கு. குடிப்பது வெளியே போக வழியில்லை அல்லவா, உடம்பிலேயே தங்கிவிடும். மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பாட்டில் காலி. பார்த்துக்கொள்கிறேன்.

நர்ஸிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் அவளே கண்டுபிடித்து, "என்னக்கா பண்ணீங்க?" என்று வாயைப் பிளக்கட்டும். அப்போது உன் பெயரைச் சொல்வேன்.

அம்மா


விடுதி,
ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நாய்க்குட்டி நிழலைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தேன். உன்னை மொட்டைமாடிக்கு ஏற்றியது நான் என்று நினைக்கும்போது, தேர்வில் முதலாவதாக வந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது.

உயிரியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

"எலி வேற, உங்க அம்மா வேற. அவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"ஆச்சரியமா இருக்கட்டும்னு இருக்காங்க டீச்சர்."

"வைத்தியத்துல என்ன ஆச்சரியம்? மொதல்ல சொல்லச் சொல்லு."

அவர் எதற்குமே தயங்குகிறவர். சோதனைக் கூடத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தொடக்கூடக் கையுறை போடச் சொல்வார். ஆகவே நீ கவலைப்படாதே. ரத்தப் பரிசோதனை வரட்டும், பிறகு எல்லோரிடமும் சொல்வோம்.

இப்போது உட்காரும் நேரத்தை இரண்டு மடங்காக்கலாம். முழங்கை போதாது, தோள் வரை படட்டும். தாகத்துக்குத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடு, முழுங்காதே. விடுமுறைக்கு நான் வரும்போது டயாலிசிஸுக்கு வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்று ஆகியிருக்கும். அதற்கடுத்த விடுமுறையில் அதுவும் வேண்டாம் என்று ஆகலாம். நீயும் நானும் ரயிலேறி எங்காவது போகலாம். இயந்திரம் இல்லாத எந்த ஊருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் கேட்டாள், "உங்க அம்மாவுக்கு நெஜமாவே சரியாயிடுமா?" என்று. ஆமாம் என்றேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

உன் மகள்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. இதை எழுதி முடித்த பிறகுதான் போன் முறை வந்தது. சித்தி எடுத்தாள். நீ தூங்குகிறாய் என்றாள். பகலில் நீ தூங்கி நான் பார்த்ததில்லை. வெயில் தந்த நல்ல களைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.


ஆகஸ்ட் 4

என் தங்கத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இது "எனக்கென்ன" இல்லை. உண்மையாகவே இப்போது நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள், பிறகு மற்றதைப் படி.

அந்த வாரம் வெயில் கடுமை. மாடியிலிருந்து இறங்கியதும் தொண்டை ஒட்டிக்கொள்ளும். பாட்டில் காலி. கீழே வாட்ச்மேன் பானையில் தண்ணீர் வைத்திருப்பார். ஒரு வாய்தானே என்று குடிப்பேன். அந்த ஒரு வாய் எப்படி ஒரு சொம்பு ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. இப்படியே நாலைந்து நாள். சனிக்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்தேன், மூச்சு உள்ளே போகவில்லை. ஆளை அமுக்கித் தண்ணீருக்குள் பிடித்தது போல. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம். சித்தி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். உடனே இயந்திரத்தில் போட்டார்கள். நீ போன் செய்த ஞாயிறு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சித்தியைக் கோபிக்காதே, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

நர்ஸ் என்னை நிற்கவைத்துக் கேட்காத குறை.

"யாருக்கா உங்கள உச்சி வெயில்ல காயச் சொன்னது? நீங்க என்ன துணியா?"

"எம்பொண்ணு."

"டாக்டரா?"

"பத்தாவது படிக்கிறா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "பாதி சரியாத்தான் எழுதியிருக்கா" என்றாள். மீதிப் பாதியைச் சொன்னாள். எனக்கு லிஃப்ட் கணக்கில்தான் புரிந்தது. அப்படியே உனக்கும் சொல்கிறேன்.

வெயிலில் தோல் செய்கிற அந்த வைட்டமின் தரைத்தளத்தில் லிஃப்டில் ஏறுகிறது. முதல் மாடி கல்லீரல். அங்கே பாதி வேலை நடக்கும். கடைசி வேலை இரண்டாம் மாடியில், சிறுநீரகத்தில். அங்கே போய் இறங்கினால்தான் அது உடம்புக்கு உதவும். என் லிஃப்ட் முதல் மாடியோடு நின்றுவிட்டது. நான் எவ்வளவு வெயிலில் உட்கார்ந்தாலும் கீழே கூட்டம்தான் சேரும். மேலே ஒருவரும் போய்ச் சேர மாட்டார்கள். அதனால் எனக்கு ஒரு சின்ன மாத்திரை தருகிறார்கள். கடைசி வேலையையும் வெளியிலேயே முடித்து அனுப்பிய வைட்டமின். ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் அது என்னவென்று தெரியாது.

"அப்ப அது கிட்னி செல்ல திருப்பிக் கொண்டாருமாம்மா?" என்று கேட்டேன்.

"அது எலும்புக்குக்கா. போன செல்லு போனதுதான். எலிக்குக்கூட, இருக்கறதக் காப்பாத்துமான்னுதான் பாத்தாங்க."

ஆக, எத்தனை நாளுக்கு என்று ஜூன் மாதம் கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். இது இப்படியே இருக்கும். வேறு சிறுநீரகம் கிடைத்தால் பார்க்கலாம். வரிசையில் பெயர் இருக்கிறது, வரிசை நீளம். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். கேட்கவே இல்லை. எனக்கு முன்பே தெரியும்.

இன்னொன்று. என்னைக் கெடுத்தது லிஃப்ட் இல்லை. கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. நான் உனக்காக இருட்டில் உட்கார்ந்து நோய் வாங்கியதாக நினைத்துக்கொண்டு ராத்திரி பகலாக மருகாதே. எனக்கு அந்த வேலை பிடிக்கும். அந்த மாடியும் பிடித்தது. நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் நான் தினமும் ஏறவில்லை.

அம்மா


ஆகஸ்ட் 25

என் தங்கத்துக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இரண்டு ஞாயிறும் போன் இல்லை. மூன்றாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன். உனக்குத் தலைவலி, படுத்திருக்கிறாய் என்றார் வார்டன் மேடம். நானும் ஒரு காலத்தில் பகலில் தூங்கியவள்தான், எனக்குத் தெரியும்.

நூலகத்துக்கும் போவதில்லையாமே. டீச்சர் கவலைப்படுகிறார் என்றும் சொன்னார்.

சரி. நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். உன் செருப்பு மட்டும் தெரிகிறது. கதவைத் தள்ளாதே, இன்னும் இறுகிக்கொள்ளும். நீ பேச வேண்டாம், நான் பேசுகிறேன்.

கண்டக்டர் அண்ணனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். போட்டோவை வார்டு முழுக்கக் காட்டினார். "உங்க மூக்கு அப்படியே இருக்குண்ணே" என்றேன். "பாவம்மா, அந்தப் பிள்ளைய ஏன் இப்பவே சபிக்கிற?" என்றார். அவர் போன வாரம் படியில் தடுமாறி விழுந்து கையில் கட்டு. அப்படியும் "ரைட், போலாம்" நிற்கவில்லை.

வக்கீலின் மகள் அவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் பேச்சே சண்டையாம். மனிதர் முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

வாட்ச்மேன் தண்ணீர்ப் பானையை நான் வரும் நாளில் ஒளித்துவைக்கிறார். ஒளித்துவைத்த இடம் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தொடவில்லை. சத்தியம்.

நர்ஸ் சாயங்காலம் மட்டும், படி ஏற உடம்பு இடம் கொடுக்கிற நாளில், மாடிக்குப் போகலாம் என்றிருக்கிறாள். போன திங்கட்கிழமை போனேன். நிழல் நீளமாக விழுந்து, சுவரில் ஏறி, பக்கத்துக் கட்டடம் வரை போய்விட்டது. வைட்டமினுக்கு உதவாத வெயில். எனக்கு உதவியது.

பதில் எழுத வேண்டாம். உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். கிராதியை ஒரு தட்டு தட்டு.

அம்மா


விடுதி,
செப்டம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

தட்டுகிறேன்.

அந்த இதழை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். நீ சொன்ன மாடிகள் மூன்றும் அதில் இருக்கின்றன. தோல், கல்லீரல், சிறுநீரகம், அதே வரிசையில். எலிகளுக்கு முந்தைய பத்தி. எலிகளிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மூட முடியவில்லை. உன்னைத் தண்ணீருக்குள் பிடித்து அமுக்கிய கை என்னுடையது என்று இவ்வளவு நாளும் இருந்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. நீ மன்னித்துவிட்டதாக எழுதாதே. எழுதினால் அழுவேன்.

பக்கத்துக் கட்டில்காரியிடம், சரியாகாது என்று சொன்னேன். முதல்முறையாக அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். அவள் எழுந்து வந்து என் போர்வையை மடித்து வைத்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

நான் இதுவரை கதவைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னால் அதைத் திறக்க முடியாது. இங்கே கேட்டும் பூட்டித்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வரைக்கும்கூட வர முடியாது. வார்டன் மேடத்திடம் பேசிவிட்டேன். நீ இயந்திரத்தில் படுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடிதம் போய்ச் சேரும்படி தபாலில் போட அனுமதி தந்திருக்கிறார். வந்ததும் பிரிக்காதே. ஊசி போட்டு, "ரைட், போலாம்" கேட்ட பிறகு பிரி. அதில் வைட்டமின் எதுவும் இருக்காது.

இது முதலாவது. தேனீ இருக்கிறதா? சாய்ந்து படுத்துக்கொண்டாயா? சரி, கேள்.

நேற்று எங்கள் விடுதிச் சமையலறையில் ஒரு பூனை மாட்டிக்கொண்டது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். சமையல்கார அண்ணன் துடைப்பத்தோடு நிற்கிறார். "அடிக்கல, தள்ளிவிடப் போறேன்" என்கிறார். நான் தள்ளக் கூடாது என்றேன். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்த இடுக்கைப் பார்த்து, உன்னை மாதிரியே பேச ஆரம்பித்தேன். உள்ளே வால் மட்டும்தான் தெரிந்தது. விடுதியே பின்னால் நின்று சிரித்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. வக்கீல் கதை சொன்னேன், அவருடைய மகள் கதை சொன்னேன், கண்டக்டர் மாமாவின் பேரன் மூக்கைப் பற்றிச் சொன்னேன். அந்த வால் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தது, அம்மா. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா?

இரு, அதற்குள் யாராவது வந்து கதவைத் திறந்தால், ஒரு நிமிஷம் இருக்கச் சொல். சொல்லி முடித்துவிடுகிறேன்.

உன் மகள்